டீச்சரைக் கேளுங்கள்: அம்மாவுக்குப் பனி காட்டப் போகும் மகளுக்கு

கேள்வி: வணக்கம் டீச்சர். அம்மாவுக்கு 71 வயது. கல்யாணம் ஆன நாள் முதல் ரப்பர் தோட்டம் விற்கப்படும்வரை பால்மரம் வெட்டினார். டிவியில் பனிமலையைக் காட்டினால் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்த வருடம் அவரை அலாஸ்கா கப்பலில் கூட்டிப்போக நானும் தம்பியும் காசு சேர்த்து வைத்திருக்கிறோம். கனடாவின் வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கும் 7 இரவுப் பயணம். கெச்சிக்கன், ஜூனோ, ஸ்கேக்வே என்று மூன்று ஊரில் நிற்குமாம். எந்த மாதம் போவது, எங்கே என்ன பார்ப்பது, முன்னும் பின்னும் எத்தனை நாள் சேர்ப்பது? அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. அதிகம் நடக்க முடியாது. — ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் இதே ஊர்தான், லயத்து வீட்டில் பிறந்தவள்தான். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அதற்குப் பிறகு அவர் கப்பலையே பார்த்ததில்லை. உங்கள் அம்மாவை நீங்கள் கூட்டிப்போவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

முதலில் மாதம். என் வீட்டுக்காரரும் நானும் போனது ஆகஸ்ட்டில். ஆகஸ்ட்டில் போனால் சால்மன் மீன். மே மாதம் போனால் பனி. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. அந்தத் தென்கிழக்கு அலாஸ்காவில் மேயும் ஜூனும்தான் மழை குறைந்த மாதங்கள். மேயில் மலைகளில் பனி இன்னும் கீழே வரைக்கும் இறங்கிக் கிடக்கும். உங்கள் அம்மா கேட்பது பனி. அதனால் மே மாதம் போங்கள். மீனை விட்டுவிடுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. கப்பல் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே வான்கூவரில் இருக்க வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நாங்கள் ஒரே ஒரு இரவு முன்னதாகப் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்தோம். இடையில் மாற வேண்டிய விமானம் தாமதமாகி, கப்பல் கிளம்பும் அன்று காலையில்தான் இறங்கினோம். பெட்டிகள் வரவில்லை. நான்காம் நாள் ஸ்கேக்வேயில்தான் அவை எங்கள் கைக்கு வந்தன. அதுவரை என் வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரைக்குக் கப்பல் மருத்துவரிடம் நடந்தோம், அங்கே கட்டணம் கொஞ்சமல்ல. அம்மாவின் மாத்திரை முழுவதும், ஒரு குளிர்ச்சட்டை, ஒரு மாற்றுத்துணி ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். மலேசியாவிலிருந்து வான்கூவருக்கு நேர் விமானம் கிடையாது. கோடையில் அங்கே நம்மைவிட 15 மணி நேரம் பின்னால். திங்கட்கிழமை ஏறினால் திங்கட்கிழமையே இறங்குவீர்கள். வயதானவர்களுக்கு அந்தத் தூக்கம் சரியாக இரண்டு நாள் ஆகும்.

அந்த இரண்டு நாளில் ஓடாதீர்கள். கப்பல் ஏறும் கனடா பிளேஸ் பக்கத்திலேயே கடலோரமாக ஒரு நடைபாதை உண்டு. சமதரை, முட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதே வழியில் கோமகாடா மாரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1914 மே மாதம் 376 இந்தியர்களோடு அந்தக் கப்பல் வந்தது, பெரும்பாலோர் சீக்கியர்கள். இரண்டு மாதம் கரையேற விடாமல் கடலிலேயே நிறுத்தி வைத்து, ஒரு சிலரை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2016-ல் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாம். அங்கே ஒரு ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

மறுநாள் ஸ்டேன்லி பார்க். 400 ஹெக்டேர் காடு, நகரத்தை ஒட்டியே. பேருந்தில் சுற்றலாம். கப்பிலானோ தொங்குபாலம் எல்லோரும் சொல்வார்கள், 140 மீட்டர் நீளம், 70 மீட்டர் ஆழம். ஆடும் பாலம், அம்மாவுக்கு வேண்டாம்.

இனி துறைமுகங்கள். ஒவ்வொரு ஊரிலும் கப்பல்காரர்கள் பத்து இருபது சுற்றுலா விற்பார்கள். எல்லாமே வாங்கத் தூண்டும். என் யோசனை இது: மொத்தப் பயணத்தில் ஒரே ஒரு பெரிய செலவு செய்யுங்கள். மற்ற ஊர்களில் நடை, டவுன் பஸ், அதோடு ஒரு ரயில். அந்தப் பெரிய செலவு ஜூனோவில், ஹெலிகாப்டர். பனியாற்றின் மேலேயே, அதாவது மலையிலிருந்து ஆறு மாதிரி இறங்கும் பனிக்கட்டியின் மேலேயே இறக்கிவிடுவார்கள். பனிக்கு ஏற்ற காலணியும் அவர்களே கொடுப்பார்கள். பத்தடி எடுத்து வைத்தால் போதும், அம்மா பனியின் மேல் நிற்பார். வானிலை சரியில்லை என்றால் பறக்க மாட்டார்கள், பணம் திரும்ப வரும். நாங்கள் போனபோது விலையைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டோம். என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. அந்தக் காசு இன்று எந்தக் கணக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

ஹெலிகாப்டர் பறக்காமல் போனால் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது, துறையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். டவுன் பஸ் பனியாறு வரைக்கும் போகாது, கடைசியில் நல்ல தூரம் நடக்க வேண்டும். அதனால் நேராகப் போகும் சுற்றுலா பஸ்ஸையே பிடியுங்கள். அங்கே போட்டோ பாயின்ட் என்று ஒரு குட்டிப் பாதை, சக்கர நாற்காலிகூடப் போகும். நகெட் அருவிக்குப் போய் வர ஏறக்குறைய 3 கிலோமீட்டர், அதை நீங்களும் தம்பியும் மாறி மாறிப் போய்ப் பாருங்கள். வெளியாள் பஸ்ஸில் போனால் கப்பல் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். கப்பலின் சொந்தச் சுற்றுலாவுக்குத்தான் கப்பல் காத்திருக்கும். ஜூனோ ஒரு மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து அங்கே சாலை கிடையாது. கப்பலைத் தவறவிட்டால் விமானமோ படகோதான்.

கெச்சிக்கன் நம் தைப்பிங் மாதிரி மழை ஊர். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தங்கச்சி, நம் அம்மாக்களுக்கு மழை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்கும்போது தூறல் விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை. வெட்டிய பிறகு கொட்டினால் இன்னும் மோசம், மங்கில், மரத்தில் கட்டிய கிண்ணத்தில், இருக்கிற பால் தண்ணீராக வழிந்து போகும். என் அம்மா சாகும்வரை மேகத்தைப் பார்த்துத்தான் முகம் மாறுவார். கெச்சிக்கன்காரர்கள் குடைகூடப் பிடிப்பதில்லை. நல்ல மழைச்சட்டை ஒன்று அம்மாவுக்கு இங்கேயே வாங்கிவிடுங்கள், தலைமூடியோடு, இடுப்புக்குக் கீழே வரைக்கும் மறைப்பதாக.

அந்த ஊரில் பார்க்க வேண்டியது குலமரங்கள், டோட்டம் கம்பங்கள் என்பார்கள். டிலிங்கிட், ஹைடா, சிம்ஷியன் மக்கள் செஞ்சிடார் மரத்தில் காகம், கழுகு, கரடி, திமிங்கலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்குவார்கள். கும்பிடுவதற்கு அல்ல, இந்தக் குலம் எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன நடந்தது என்று சொல்வதற்கு. டோட்டம் ஹெரிடேஜ் சென்டரில் 19-ஆம் நூற்றாண்டின் அசல் மரங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குச் சாயம் பூசவில்லை. வெடிப்பும் பாசி படிந்த தடமுமாக, கிட்டே போய் நின்றால் உளி விழுந்த இடம் தெரிகிறது. பால்மரம் வெட்ட உளி பிடித்த கை உங்கள் அம்மாவுடையது. அவர் நம்மைவிட அதிகம் பார்ப்பார். ஊரைச் சுற்றியிருப்பது டோங்காஸ் தேசியக் காடு. தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய பாதி அளவு.

ஸ்கேக்வேயில் ரயில். ஒயிட் பாஸ் ரயில்பாதை 1898-ல் தொடங்கி 1900-ல் முடிந்தது. குளோண்டைக் தங்கத்துக்காக ஆயிரக்கணக்கில் வந்தவர்கள், ஆளுக்கு ஒரு டன் அளவுக்குச் சாமான் காட்டினால்தான் கனடா எல்லையில் விடுவார்கள் என்பதால் முதுகில் சுமந்து சுமந்து ஏறிய மலை அது. கடல்மட்டத்திலிருந்து 32 கிலோமீட்டரில் 873 மீட்டர் ஏறுகிறது. தண்டவாளம் நம் கேடிஎம் பாதையைவிட நாலு விரல் அகலம் குறைவு. ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். மூன்று மணி நேரம் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், முட்டிக்கு இதைவிட நல்ல சுற்றுலா இல்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: கப்பல் கிளேசியர் பே போகிறதா? அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலைத்தான் விடுவார்கள். எல்லாக் கம்பெனிக்கும் அனுமதி இருக்காது. இருநூற்று ஐம்பது ஆண்டுக்கு முன் அந்த விரிகுடா முழுவதும் பனிக்கட்டியாகவே இருந்தது. இப்போது உள்ளே 100 கிலோமீட்டர் போனால்தான் பனிச்சுவர் வருகிறது. கரையில் இறங்க முடியாது. கப்பல் மார்ஜெரி பனியாற்றின் முன்னால் போய் எந்திரச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் நின்ற அன்று, வீடு அளவுக்கு ஒரு துண்டு சுவரிலிருந்து கழன்று சத்தமில்லாமல் விழுந்தது. தண்ணீர் எழும்பியது. அதற்குப் பிறகுதான் இடி மாதிரி சத்தம் வந்து சேர்ந்தது. விழுந்த இடத்தில் தெரிந்த நீலம் பெயிண்ட் டின்னைத் திறந்த மாதிரி இருந்தது. பழைய பனி இறுகி இறுகிச் சிவப்பு வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அந்த நிறம். கப்பல் இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டும். அதனால் பால்கனி அறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசை ஹெலிகாப்டருக்குத் திருப்பிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் வான்கூவரில் ஒரு இரவு தங்கினால் போதும்.

கேள்வி: சியாட்டலில் கிளம்பும் கப்பல் விலை குறைவாக இருக்கிறது. அதில் போனால் கனடா விசா வேண்டாம்தானே? — ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: வேண்டும் ஐயா. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவிலேயே முடித்தால், நடுவில் ஒரு அயல்நாட்டுத் துறையைத் தொட வேண்டும். 1886-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் அந்தக் கப்பல்கள் கடைசி நாள் மாலையில் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாடும் விசா கேட்கின்றன. அமெரிக்க விசாவுக்கு கோலாலம்பூரில் நேர்முகம் உண்டு. ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள், இரண்டும் கையில் வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். வான்கூவரில் ஏறுபவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அந்தத் துறையிலேயே முடித்துவிடுவார்கள், அதற்காக நேரத்தோடு போங்கள்.

விக்டோரியாவை ஒட்டியிருக்கும் எஸ்குவைமால்ட்டில்தான் 2010 ஆகஸ்ட்டில் சன் சீ கப்பல் 492 ஈழத்தமிழர்களோடு வந்து சேர்ந்தது. அந்தக் கடலைப் பார்க்கும்போது அவர்களையும் நினையுங்கள்.

கேள்வி: ஜூனில் போகிறேன். கப்பலுக்குப் பிறகு டெனாலி மலை, ஃபேர்பேங்க்ஸில் வடதுருவ ஒளி இரண்டும் பார்த்துவிடலாமா டீச்சர்? — செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி

பதில்: ஒளி கிடைக்காது தம்பி. ஜூனில் அங்கே இருட்டுவதே இல்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்துதான் அதற்கு இரவு வரும். மலைக்குப் போங்கள். வான்கூவரில் ஏறி சீவர்டிலோ விட்டியரிலோ இறங்கும் ஒருவழிக் கப்பலை எடுத்தால் அங்கிருந்து அலாஸ்கா ரயில் இருக்கிறது. ஆங்கரேஜிலிருந்து டெனாலிக்கு ஏழரை மணி நேரம். நம் கினபாலு 4,095 மீட்டர், அது 6,190 மீட்டர். 2025-லிருந்து அமெரிக்க அரசு அதை மெக்கின்லி என்று மறுபடி அழைக்கிறது, பூங்காவின் பெயர் டெனாலிதான். கோடையில் மூன்று நாளில் ஒரு நாள்தான் மேகம் விலகி மலை தெரியும். அதனால் அங்கே மூன்று இரவு தங்குங்கள், ஃபேர்பேங்க்ஸை விட்டுவிடுங்கள். கடைசியில் திறந்த கடலிலும் போகும் கப்பல் அது, தலைசுற்றல் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கடிதம் எழுதிய வாசகி கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: கப்பலில் அம்மா சேலை கட்டலாமா? தாராளமாக. ஒரு இரவு எல்லோரும் உடுத்திக்கொண்டு சாப்பிட வருவார்கள். அன்றைக்கு அவருடைய நல்ல பட்டுச்சேலையைக் கட்டிவிடுங்கள். வெளியே இறங்கும் நாளில் மட்டும் உள்ளே கனத்த காற்சட்டை, கம்பளிக் காலுறை. பட்டுச்சேலையையும் கைப்பையில் மாத்திரைக்குப் பக்கத்தில் வையுங்கள்.