சலவைக்கல்லுக்கு நடுவே தங்கமீன்

கேள்வி: எங்கள் கூடத்தில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் நான்கு தங்கமீன்கள் வளர்க்கிறோம். வெள்ளைச் சலவைக்கல் துண்டுகள், சிப்பிகள், பிளாஸ்டிக் செடிகள், விடிய விடிய எரியும் நீல விளக்கு என்று பார்த்துப் பார்த்து அலங்கரித்தோம். வாரந்தோறும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவியும் இதற்கு முன் மூன்று மீன்கள் இறந்துவிட்டன. இப்போது இருக்கும் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஊற்றுவது போர் தண்ணீர். அழகு கெடாமல் மீன்களைக் காப்பாற்ற முடியுமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: ‘தேய்த்துக் கழுவியும்’ என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே பாதிக் காரணம் இருக்கிறது. மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கற்களின் மேலும் படிந்து வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அவற்றை வாராவாரம் தேய்த்து அகற்றுவதால் உங்கள் தொட்டி என்றுமே புதுத் தொட்டியாகத்தான் இருக்கிறது. அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது பெரும்பாலும் இதனால்தான்.

சலவைக்கல்லும் சிப்பியும் கால்சியம் கார்பனேட். சந்தேகமிருந்தால் ஒரு துண்டின் மேல் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். அவை மெல்லக் கரைந்து நீரின் பிஎச் (அமில-காரத்தன்மை) அளவை உயர்த்துகின்றன. 7-இல் இருக்கும் பிஎச் 8-ஆனால், அதே அளவு அம்மோனியாவில் நச்சான பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது. கால்சியம் போன்ற உப்புகள் மிகுந்த கடின நீரைத் தங்கமீன் தாங்கிக்கொள்ளும். கழிவு தேங்கிய தொட்டியில் அந்த நீர்தான் ஆபத்தாகிறது.

அடுத்த சில நாள்களுக்குத் தினமும் நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றி, ஏர் பம்ப்பை நிறுத்தாமல் ஓடவிட்டு, தீனியை மிகவும் குறையுங்கள். பிறகு வாரம் ஒருமுறை அதே கால் பங்கு போதும். பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தெடுங்கள். மாநகராட்சிக் குழாய் நீருக்கு மாறினால் குளோரினை நீக்கும் மருந்தைக் கலப்பது கட்டாயம்.

ஆனால் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தொட்டியின் கொள்ளளவு சுமார் 57 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறத்தாழ 45 லிட்டர்தான் நீர். ஒரு சாண் அளவுக்கு வளரக்கூடிய மீன்கள் நான்குக்கு இது போதவே போதாது. நான்கடித் தொட்டிக்கு இடமிருந்தால் அவற்றை அதற்கு மாற்றுங்கள். இல்லையெனில் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, கடின நீரை விரும்பும் சிறு மீன்களான கப்பி அல்லது பிளாட்டி ஏழெட்டு வளர்க்கலாம். கப்பியின் நிறங்களுக்கு முன்னால் எந்த வண்ணக்கல்லும் எடுபடாது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அலங்காரத்தைப் பொறுத்தவரை, பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்பு சார்ட் தாளை ஒட்டினாலே தொட்டிக்கு ஆழம் வந்துவிடும், மீன்களுக்கும் ஒரு பக்கமாவது மறைவு கிடைக்கும். சுவிட்சர்லாந்தில் எல்லாப் பக்கமும் ஒளி ஊடுருவும் தொட்டியைச் சட்டமே அனுமதிப்பதில்லை. அடியில் சலவைக்கல்லுக்குப் பதிலாக நன்கு அலசிய மென்மணலைப் பரப்புங்கள். தரையைக் கிளறித் தின்னும் தங்கமீனின் தொண்டையில் கல் சிக்கும் அபாயமும் நீங்கும். கொதிக்கவைத்த டிரிஃப்ட்வுட் கட்டை ஒன்றை ஓரமாகச் சாய்த்து, அதன்மேல் அனுபியாஸ் செடியை நூலால் கட்டுங்கள். அதன் தடித்த இலையைத் தங்கமீன்கூட எளிதில் கடித்துத் தீர்க்காது. முன்பகுதி நீந்துவதற்குத் திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக் செடியை விட மனமில்லை என்றால், பழைய நைலான் துப்பட்டாவை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் செடி வாலையும் கிழிக்கும்.

தங்கமீனுக்கு இமை கிடையாது. நீல விளக்கை மாலையில் ஏற்றி, நீங்கள் படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.