குடியிருப்புத் தெருவில் பக்கத்து வீட்டார் தொழில் நடத்துவதைச் சட்டப்படி தடுக்க முடியுமா?

பக்கத்து வீட்டில் என்ன தொழில் என்று நீங்கள் எழுதவில்லை. புதிதாக மனை வாங்கி வீடு கட்டி வந்தவர் என்று நினைக்கிறேன். தொழில் எதுவென்று தெரியாமல் தடுக்கலாமா கூடாதா என்று யாரும் சொல்ல முடியாது.

விதியைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போட்ட ஊர்களில் நிலத்துக்கு நிலம் பயன்பாடு குறித்திருப்பார்கள்: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம் என்று. எந்த மண்டலத்தில் எது கூடும் என்பது 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. குடியிருப்பு மண்டலத்திலேயே பெட்டிக்கடைக்கும் தையலுக்கும் அளவோடு இடமுண்டு. அதனால் 'இது வீட்டு ஏரியா, தொழிலே கூடாது' என்று மனு கொடுத்தால் நிற்காது.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் சுடுகிறது என்றால், இதே வார்த்தையோடு எங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

எங்களுக்குப் பாம்பன், தென்கடல் ஓரம். அம்மா முப்பது வருஷமாகக் கருவாடு போடுகிறார். நெத்திலி, சூடை, காரல். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணலில்தான் காயப்போடுவோம். அந்த மணலை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, காம்பவுண்டு சுவர் எழுப்பித் தங்கும் விடுதி கட்டினார். இடம் போனதால்தான் அம்மா தெருவாசலில் பழைய வலையை விரித்தார். 'குடியிருப்புப் பகுதியில் துர்நாற்றம்' என்று மனு போட்டதும் அதே விடுதிக்காரர்தான். வாடகைக்கு அறை விடுவது மட்டும் குடியிருப்பா?

நாற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சோழகம், அதாவது தெற்கிலிருந்து வரும் காற்று, வீசுகிற மாசங்களில் தெரு முழுக்க நாறும். நிம்மதியாக இருக்க ஆசைப்படுவதும் தப்பில்லை. ஆனால் கருவாடு காயப்போடக் கடலோரத்தில் இடமுண்டு என்று சட்டமே சொல்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டுகிற எல்லை) 200 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடுத்தது. அதற்குள்ளேயே உள்ளூர் மீனவர்களுக்கு மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை சீர்செய்யும் இடம், ஐஸ் பிளாண்ட் எல்லாம் அனுமதித்தது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு அந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைக்க வழிவிட்டது. உலர்த்தும் களத்தை அதுவும் விலக்கவில்லை. இந்தப் பகுதிகளை நகலெடுத்துப் பதில் மனுவோடு வைத்தேன். வந்த அலுவலர் வாங்கிப் படித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் நோட்டீஸ் வரவில்லை. சுவர் நிற்கிறது.

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ராமநாதபுரம் சந்தைக்குப் போக அம்மா கூடையோடு நின்றால் கண்டக்டர் 'அடுத்த பஸ்ல வாம்மா' என்பார். அடுத்த பஸ்ஸிலும் அதே பேச்சு. லக்கேஜ் டிக்கெட் கேட்டும் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய லாபம் போச்சு. கருவாட்டுக் குழம்பை ருசித்துச் சாப்பிடுகிற ஊரில் அதை விற்கிற பொம்பளைக்கு உட்கார ஒரு சீட் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி மெஷின் ஓடுகிறதா, கழிவுநீர் தெருவில் விடுகிறார்களா, லாரி வந்து வழியடைக்கிறதா? அப்படியென்றால் அந்தத் தொந்தரவைத் தேதி, நேரம் குறித்து மனுவாகக் கொடுங்கள். நிலத்தின் வகைப்பாட்டையும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறை மாதிரிப் பெரிய தொழில் என்றால் நில உபயோக மாற்றம் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள். எங்கள் எதிர்வீட்டு டீச்சர் மனு எதுவும் போட்டதில்லை. 'மதினி, இன்னைக்குச் சோழகம், துணி காயப்போட்டிருக்கேன்' என்று வாசலில் நின்று குரல் கொடுப்பார். அம்மா வலையைத் தெருக்கோடி உடைமரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.