லண்டன் எல்எல்எம்முக்காக அச்சகத்தை அடமானம் வைக்காதீர்கள்

சிவகாசியில் அச்சகம் நடத்தும் ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் கடைசி வருடம். ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தகராறைத் தீர்க்கும் முறை, பிடித்திருக்கிறது என்கிறாளாம். உடனே அவளுடைய மாமா, லண்டன் போய் எல்எல்எம் என்ற சட்ட மேற்படிப்பு படிக்கட்டும், எல்லாம் சேர்த்து 40 லட்சம்தான் என்று சொல்லிவிட்டார். அச்சகத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார்.

அண்ணாச்சி, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள். 10 சதவீத வட்டி என்றாலே மாதம் 33,000 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர் வக்கீலுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே 2024-இல்தான். அது முழுசாகக் கைக்கு வந்தாலும் வட்டிக்கே பத்தாது, அசலை யார் கட்டுவது? மாமா கட்டப்போவதில்லை.

மகளின் குறிப்பையும் படித்தேன். ஒப்பந்தங்களை வரி வரியாகப் படிக்கப் பிடிக்கும், கணக்கு பிடிக்கும், கோர்ட்டில் நின்று சத்தமாக வாதாடுவதில் விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறாள். இந்த மனசுக்கு ஏற்ற வேலை உள்நாட்டு வணிக ஆர்பிட்ரேஷனில் நிறைய இருக்கிறது. ரோடு கான்ட்ராக்டர், மில், சப்ளையர், பைனான்ஸ் கம்பெனி என்று நம்மூர்த் தகராறுகள்தான் எல்லாம்.

1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி நடுவர் தருவது இறுதித் தீர்ப்பு மட்டும் இல்லை. வழக்கு நடக்கும்போதே ஒரு பகுதியை முடித்து இடைக்காலத் தீர்ப்பு தரலாம், உதாரணமாக எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட பாக்கிக்கு. இரு தரப்பும் பேசி முடித்தால் அந்த உடன்பாட்டையே தீர்ப்பாக எழுதுவார்கள், அதற்கும் அதே பலம் உண்டு. எதிர்த்தரப்பு வராமலே இருந்தாலும் கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லலாம். கேட்ட கோரிக்கை ஒன்று விட்டுப்போனால் 30 நாளுக்குள் மனு போட்டு கூடுதல் தீர்ப்பு வாங்கலாம். இதில் ஒவ்வொன்றுக்கும் யாராவது உட்கார்ந்து கோரிக்கைப் பட்டியல், பில், தாமதக் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் தயார் செய்தாக வேண்டும். மனுவும் பதிலும் முடிந்த பிறகு 12 மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 6 மாதம், அதனால் தேதி விடாமல் ஃபைலைக் கட்டிக் காக்கும் ஜூனியருக்கு நல்ல மதிப்பு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நடுவர் தீர்ப்பைச் சில வரம்புகளுக்குள் கோர்ட் திருத்தலாம் என்று சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து போன வழக்கு அது. தீர்ப்பின் எந்தப் பகுதியைத் தனியே பிரிக்கலாம், வட்டியில் எது தப்பு என்று காட்டத் தெரிந்தவர்கள் இனி இன்னும் தேவைப்படுவார்கள்.

வருடத்துக்கு எத்தனை தீர்ப்பு வருகிறது, புள்ளிவிவரம் எங்கே என்று மாமா கேட்பார். நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு கிடையாது, பெரும்பாலானவை தனியாக, ரகசியமாக நடப்பவை. வெளியே தெரிவது பெரும்பாலும், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் கோர்ட்டுக்கு வருபவைதான். அதை வைத்து எல்லாத் தீர்ப்புமே கோர்ட்டில் உடைகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சண்டை ஓயாதவர்கள்தானே அங்கே வருகிறார்கள். உங்கள் மகள் இந்தக் கணக்கைச் சின்ன அளவில் தானே எடுக்கலாம். உயர் நீதிமன்ற இணையதளத்தில் அந்த 34-ஆம் பிரிவு வழக்குகளின் உத்தரவுகளை இலவசமாகப் படிக்கலாம். நூறு உத்தரவை எடுத்து தீர்ப்பின் வகை, கேட்ட தொகை, கிடைத்த தொகை, வட்டி, எத்தனை மாதம், கோர்ட் ஏன் கை வைத்தது என்று எக்ஸெலில் போடச் சொல்லுங்கள். இப்படி ஓர் அட்டவணையோடு வேலை கேட்டு வரும் பெண்ணைச் சீனியர்கள் லேசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

உங்கள் அச்சகத்துக்கே வராத பாக்கி இருக்குமே? சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இருந்து, வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுத்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வழக்கு சிறு குறு தொழில் வசதி மன்றத்துக்குப் போகும், அங்கே சமரசம் நடக்காவிட்டால் ஆர்பிட்ரேஷன். உங்கள் பில் புத்தகத்தை அவளிடம் கொடுங்கள், முதல் கோரிக்கை மனுவை அதிலேயே எழுதிப் பார்க்கட்டும்.

பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அப்புறம் மதுரையிலோ சென்னையிலோ கட்டுமான வழக்கு அதிகம் பார்க்கும் ஓர் ஆபீஸில் மூன்று வருடம். அதற்குப் பிறகும் வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால், உதவித்தொகைக்கு விண்ணப்பித்து அவளே போகட்டும். அது வரைக்கும் எந்த ஏஜென்டுக்கும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.