பழைய ஸ்பிளெண்டருக்கு ஃபுல் சிந்தடிக் ஆயில் தேவையா?

கேள்வி: என் வண்டி 2018 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திண்டுக்கல்லில் மில் வேலைக்குப் போக வர தினமும் 35 கிலோமீட்டர். இதுவரை சாதா ஆயில்தான். இந்த முறை மெக்கானிக், "ஃபுல் சிந்தடிக் ஊத்திக்குங்க, பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கவலையில்லை" என்கிறார். விலை இரண்டு மடங்குக்கு மேல். செமி சிந்தடிக்கே போதும் என்கிறார் நண்பர். பழைய வண்டிக்கு சிந்தடிக் ஊற்றினால் கசியும் என்கிறார் அண்ணன். எதை ஊற்றுவது?

பதில்: செமி சிந்தடிக் ஊற்றுங்கள். அதுவும் கட்டாயமில்லை. கம்பெனி சொன்ன கிரேடில் நல்ல சாதா ஆயிலே உங்கள் ஓட்டத்துக்குத் தாங்கும். அந்தப் பத்தாயிரம் கிலோமீட்டர் பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சிந்தடிக் என்பது வேதி முறையில் தயாரித்த ஆயில், செமி என்பது அதைச் சாதா ஆயிலோடு கலந்தது. சிந்தடிக் நல்ல சரக்குதான். சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிக் குறைவதும் கம்மி. ஆனால் உங்கள் வண்டியில் ஆயில் மாற்றுவது ஆயில் கெட்டுப்போவதால் மட்டும் அல்ல, அழுக்கை வெளியேற்றவும்தான். காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். உங்கள் பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஊறுகின்றன. கிளட்ச் பிளேட் தேய்ந்த தூள், கியர் பற்களின் இரும்புப் பொடி, பெட்ரோல் எரிந்த கரி எல்லாம் சேர்வது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயிலில். ஸ்பிளெண்டரில் கழற்றி மாற்றும் பேப்பர் ஃபில்டரும் கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். அடுத்த முறை ஆயில் வடிக்கும்போது ஒரு சில்வர் தட்டில் கொஞ்சம் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஜரிகைத் தூள் மாதிரி மினுங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலும் அதைக் கரைத்துவிடாது, வடித்துத்தான் ஆக வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆவது சிந்தடிக்கின் பெரிய லாபம். திண்டுக்கல் வெயிலில் அது உங்களுக்கு எதற்கு?

கசிவு பற்றி அண்ணன் சொல்வது பாதிதான் சரி. இன்ஜினில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் எந்த ஆயிலும் வழி கண்டுபிடிக்கும். சீலை மாற்றுங்கள், ஆயிலைக் குறை சொல்ல வேண்டாம். சூடேறும் பெரிய இன்ஜினுக்குக் கம்பெனியே சிந்தடிக் கேட்டால் அதைத்தான் ஊற்ற வேண்டும், அது வேறு விஷயம்.

"செமி" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் சிந்தடிக் எத்தனை சதவீதம் என்று கேனில் போடுவதே இல்லை. பத்தா, முப்பதா, யாருக்குத் தெரியும்? "ஃபுல் சிந்தடிக்" என்ற சொல்லும் அப்படித்தான். 1999ல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் என்ற இரண்டு ஆயில் கம்பெனிகளுக்குள் எதைச் சிந்தடிக் என்று சொல்லலாம் என்று தகராறு வந்தது. கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து எடுத்ததையும் சிந்தடிக் என்று விளம்பரம் செய்யலாம் என்று அங்கே முடிந்தது. இவ்வளவு வருடம் கழித்தும், காசு கொடுக்கிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி அச்சடிக்க வைக்க முடியவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று போடுகிறார்கள், இதில் போட என்ன கஷ்டம்?

அதனால் பெயரை விட்டுவிட்டு கேனின் பின்பக்கம் பாருங்கள். ஆயில் எவ்வளவு கெட்டி என்று காட்டும் கிரேடு எண் இருக்கும். உங்கள் வண்டிக்கு 10டபிள்யூ-30. பக்கத்து வீட்டு பல்சருக்கு 20டபிள்யூ-50 என்றால் அது அவர் வண்டிக்கு. அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஜாசோ என்ற ஜப்பான் முத்திரை இருக்கும். அதில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கான ஆயில். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை, அதனால் அதற்கு வழுக்கலான ஆயில் நல்லது. உங்கள் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே பிடித்து ஓடுவது. அதற்கு எம்பி ஊற்றினால் வழுக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் 10டபிள்யூ-30 ஆக இருக்கலாம், இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கலாம், கேனின் நிறம்கூட ஒரே மாதிரி இருக்கும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். என்னிடம் ஒரு வண்டி வந்தது. ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. வேறொரு இடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றிப் பணம் வாங்கியிருக்கிறார்கள், அப்படியும் சரியாகவில்லை. மீதி ஆயில் வைத்திருந்த கேனைக் கொண்டுவரச் சொன்னேன். எம்பி. வடித்துவிட்டு, பிளேட்டைத் துடைத்துப் போட்டு, எம்ஏ2 ஊற்றி அனுப்பினேன். அவருக்குப் போனது இரண்டு நாள் கூலியும் ஒரு செட் பிளேட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கேனுக்குள்ளேயே இருக்கிறது, அதுதான் போலி ஆயில். பேரலில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலை வாங்கவே வாங்காதீர்கள். காலி கேன்களை பழைய இரும்புக்கடை வழியாக வாங்கி, கழிவு ஆயிலை வடிகட்டி நிரப்பி, மூடி போட்டு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். விலை அதிகமான சிந்தடிக் கேனுக்குத்தான் அவர்களிடம் கிராக்கி. மெக்கானிக்கிடம் வாங்கித் தரச் சொல்லாமல் நீங்களே கம்பெனி டீலரிடம் பில் போட்டு வாங்குங்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, மூடிக்கு உள்ளே ஃபாயில் சீல் ஒட்டியிருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் 1915க்கு போன் செய்து நுகர்வோர் புகார் கொடுக்கலாம். பில் இல்லாமல் போனால் உங்கள் பேச்சு எடுபடாது.

நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். உங்கள் கண் முன்னால் சீலைக் கிழித்து ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றியதும் இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் சரி. காலி கேனை அப்படியே அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், போலி ஆயில் நிரப்ப அது போய்விடும். அடியில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.