காலி நாற்காலிக்கு இலை போடுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே ஊர்க்காரர்கள் கூடி ஆண்டுக்கொருமுறை படைவீரர்களுக்கு இரவு விருந்து கொடுப்பார்கள். இந்த ஆண்டு ஏற்பாட்டுக் குழுவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள். 160 பேர் வருவார்கள். வரவேற்புரை என் பொறுப்பு. பத்து நிமிடம் என்ன பேசலாம் என்று சொல்வீர்களா? நம் சாப்பாட்டில் ஓரிரு வகைகளைச் சேர்க்கலாமா? நீண்ட விடுமுறை என்பதால் மெமோரியல் டே வாரக்கடைசியில் வைக்கலாம் என்பது எங்கள் யோசனை.

இன்னொன்று. ஒவ்வொரு ஆண்டும் யாரும் உட்காராத ஒரு மேசையைப் போடுகிறார்கள். காணாமல்போன வீரர்களுக்காம். எங்கள் ஆட்கள் சிலருக்கு அது உறுத்துகிறது. 'நல்ல விருந்தில் செத்தவனுக்கு இலை போட்டது மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். எட்டுப் பேர் இடமும் வீண். இடம் போதவில்லை என்று சொல்லி இந்த முறை எடுத்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

போகிறபோக்கில் கடைசியாகக் கேட்டீர்களே, அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அந்த மேசையை எடுக்காதீர்கள். எடுப்பதற்குப் பொய்க்காரணம் தேடியிருக்கிறீர்கள் என்பது இன்னும் மோசம்.

படையலைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரமாட்டார் என்று தெரிந்த ஒருவருக்கு நாம் ஏன் சோறு வைக்கிறோம் என்று. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

தேதி. மெமோரியல் டே வேண்டவே வேண்டாம். மே மாதக் கடைசித் திங்கள் போரில் மாண்டவர்களுக்கான நாள். அன்று உயிரோடிருக்கும் வீரரின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னால், பக்கத்தில் விழுந்த நண்பனை நினைத்துக்கொண்டிருப்பவர் என்ன பதில் சொல்வார்? இப்போது பணியிலிருப்பவர்களுக்கு ஆர்ம்ட் ஃபோர்சஸ் டே உண்டு, மே மூன்றாம் சனி. பணியாற்றிய எல்லாருக்கும் வெட்டரன்ஸ் டே, நவம்பர் 11. 1918ல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாள் அது. 1954ல்தான் இந்தப் பெயர் வந்தது. இந்த இரண்டில் ஒன்றை ஒட்டி வையுங்கள். விடுமுறை நீளம் உங்கள் வசதி, அவர்களுடையது இல்லை.

சாப்பாடு. நம் வகை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. எண்பது வயதுக்காரரைத் தட்டோடு வரிசையில் நிற்கவைக்காதீர்கள் என்பதுதான் முக்கியம். பஃபே என்றால் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரை நிறுத்தி மேசைக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். சூடான உணவு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பேச்சு நீள்கிற விருந்துகளில் முதலில் கெடுவது இந்தக் கணக்குதான்.

பரிசு கொடுக்கும் எண்ணம் இருந்தால், பணியிலிருப்பவர்களுக்கு ஒரு நிகழ்வில் 20 டாலர் மதிப்புக்கு மேல் வேண்டாம். அரசு ஊழியர்களுக்கான பொது வரம்பு அது, ஓராண்டில் ஓரிடத்திலிருந்து மொத்தம் 50 டாலர். பணமாகக் கொடுக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் அவர்கள் பிரிவின் சட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மேசை.

செத்தவனுக்கு இலை போட்டதுபோல் என்கிறார்கள் உங்கள் ஆட்கள். முதலில், செத்தவனுக்கு இலை போடுவது என்றைக்கு நமக்கு அமங்கலமானது? நடுகல்லுக்குத் தொல்காப்பியம் வரிசையே சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். நட்ட கல்லுக்குச் சிறப்புகளைப் படைத்த பிறகுதான் வாழ்த்து. அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்தபோது, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் புறநானூற்றில் உடைந்துபோகிறார். வீரனுக்குப் படைத்துவிட்டு உண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வெளிநாட்டுக்குப் போனதும் அது உறுத்துகிறது என்றால் கோளாறு மேசையில் இல்லை.

ஆனால் அதைவிடப் பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது. அந்த மேசை படையலே இல்லை. அதில் சோறு கிடையாது, கே. நீங்கள் அதை ஒருமுறையாவது கிட்டே போய்ப் பார்த்தீர்களா?

சின்ன வட்டமேசை. வெள்ளைத் துணி. ஒரே ஒரு நாற்காலி, காலியாக. குப்பியில் ஒற்றைச் சிவப்பு ரோஜா, குப்பியின் கழுத்தில் சிவப்பு நாடா. ரொட்டித் தட்டில் ஓர் எலுமிச்சைத் துண்டு, விதியின் கசப்புக்கு. ஒரு சிட்டிகை உப்பு, காத்திருக்கிறவர்களின் கண்ணீருக்கு. ஒரு மெழுகுவர்த்தி, திரும்பி வருவார் என்ற நம்பிக்கைக்கு. ஒரு கண்ணாடிக் குவளை, கவிழ்த்து வைத்தபடி.

அந்தக் கவிழ்த்த குவளையை யோசியுங்கள். அதியமான் இறந்தது தெரியும், அதனால் அவன் கலத்தில் வார்த்தார்கள். இங்கே வார்ப்பதில்லை. அவர் இறந்துவிட்டார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வந்தால் அவரே நிமிர்த்திக்கொள்வார். நம் வழக்கத்தில் ஒருவர் இறந்தால் திதி உண்டு. திதி தெரியாவிட்டால் மகாளய அமாவாசை இருக்கிறது. ஆனால் இறந்தாரா என்பதே தெரியாத வீட்டில் எந்த அமாவாசையில் இலை போடுவார்கள்? ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, இறந்ததாகக் கருதலாம் என்று அரசாங்கம் தாள் கொடுத்துவிடும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் மகனின் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். படையலும் போட முடியாமல், போடாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிற வீடுகளுக்காகத்தான் அந்த மேசை.

இரண்டாம் உலகப் போரிலிருந்து இன்றுவரை கணக்கில் வராத அமெரிக்க வீரர்கள் 80,000க்கும் மேல். பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில். கொரியப் போரில் 7,000க்கும் மேல், வியட்நாமில் 1,500க்கும் மேல். இவர்களைத் தேடுவதற்கென்றே பாதுகாப்புத் துறையில் ஒரு தனி முகமை இன்றும் வேலை செய்கிறது. 2018ல் வட கொரியா 55 பெட்டிகளில் எலும்புகளைத் திருப்பித் தந்தது. அவற்றிலிருந்து ஒவ்வொருவராக அடையாளம் கண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு உறவினரின் மரபணு மாதிரி வேண்டும், அதிலும் தாய்வழி முக்கியம்: சகோதரி, சகோதரியின் பிள்ளைகள். உங்கள் அரங்கில் 85 வயதில் ஒரு தங்கை உட்கார்ந்திருக்கலாம். அந்த மெழுகுவர்த்தி அவருக்கு அலங்காரமாகத் தெரியாது. மாதிரி கொடுக்காத குடும்பம் எதுவும் ஊரில் இருந்தால், அண்ணன் எந்தப் படையில் இருந்தாரோ அந்தப் படையின் உயிரிழப்பு அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்போது எட்டு இடம் வீணாவதாகச் சொன்ன கணக்கு. எட்டுப் பேர் உட்காருவது 60 அங்குல வட்டமேசை. உங்களுக்கு அது தேவையே இல்லை. 30 அங்குல வட்டமேசை போதும். 160 பேருக்கு இருபது பெரிய மேசைகள் போடுகிற அரங்கில் ஆறடிக்கு ஆறடி இடம் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். மேசை 30 அங்குல உயரம் என்றால் தரைவரை விழ 90 அங்குல வட்டத் துணி வாங்குங்கள். மடிப்பை இஸ்திரி போட்டு எடுத்துவிடுங்கள், விளக்கு வெளிச்சத்தில் மடிப்புக் கோடுதான் முதலில் தெரியும்.

எங்கே போடுவது? வாசலருகே போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. வருகிறவர்கள் கோட்டைக் கழற்றி அந்த நாற்காலியில் போடுவார்கள், கால் வலிக்கிற பெரியவர் அறியாமல் உட்கார்ந்துவிடுவார். மேடைக்குப் பக்கத்தில், பரிமாறுகிறவர்களின் பாதைக்கு வெளியே போடுங்கள். கதவு திறந்ததிலிருந்து சடங்கு முடியும்வரை பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

வழக்கமாகக் கெடுகிற இடங்களைச் சொல்கிறேன். கவிழ்ந்த குவளையைப் பார்த்ததும் பரிமாறுகிற பையன் நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றிவிடுவான். அவன் மேல் பிழை இல்லை, அவன் வேலையே அதுதான். கேட்டரிங் மேலாளரிடம் மட்டும் சொன்னால் போதாது, அன்று மாலை பரிமாற வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். உயரமான ஒல்லிக் குப்பி துணி இழுபட்டால் சாயும், அடியில் கூழாங்கல் போட்டு முக்கால்வாசி தண்ணீர் ஊற்றுங்கள். எலுமிச்சையை முன்கூட்டி நறுக்கினால் ஓரம் சுருங்கிக் காய்ந்துவிடும், கதவு திறக்க அரைமணி முன்பு நறுக்குங்கள். உப்பைச் சிட்டிகை என்று சொன்னாலும் ஒரு தேக்கரண்டி குவியுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் தட்டில் கண்ணுக்குத் தெரியாது. பல அரங்குகளில் தீச்சுடருக்குத் தடை இருக்கும். முன்னதாகக் கேட்டு, தடை இருந்தால் பேட்டரி மெழுகுவர்த்தி வாங்குங்கள், புது பேட்டரியோடு. சில இடங்களில் பைபிளும் வைப்பார்கள், அதில் ஆட்சேபம் எழுவதுண்டு. வைப்பதா இல்லையா என்பதைக் குழுக்கூட்டத்திலேயே தீர்த்துவிடுங்கள், அன்று மாலை விவாதம் கூடாது.

தொப்பிகள் வைக்கிற வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் ஆறு வேண்டும்: தரைப்படை, மரைன், கடற்படை, விமானப்படை, விண்வெளிப் படை, கடலோரக் காவல்படை, இந்த வரிசையில். கடைசி இரண்டைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

எப்போது? கொடிகள் வந்து, தேசியகீதம் முடிந்து, சாப்பாடு தொடங்குவதற்கு முன். சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினால் கரண்டிச் சத்தத்தில் கரைந்துவிடும். சமையலறைக் கதவை மூடி, ஐந்து நிமிடம் யாரும் நடமாட வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்தவர்களை உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்கள், பலரால் நீண்ட நேரம் நிற்க முடியாது. விளக்கை முழுக்க அணைக்காதீர்கள், நடைவண்டிக்காரர்கள் இருப்பார்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஒவ்வொரு பொருளின் அருகிலும் கையை நீட்டிக் காட்டலாம். வாசிப்பு மூன்றிலிருந்து நான்கு நிமிடம். கடிகாரம் வைத்து மூன்று முறை வாசித்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பிறகு ஒரு முழு மூச்சு நிறுத்தம். அந்த வாசகத்தில் மாண்டவர்களையும் காணாமல்போனவர்களையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகிறார்கள் பலர். பிரித்து எழுதுங்கள். மாண்டவர்களுக்கு வேறொரு கணம் கொடுங்கள், பெயர் சொல்லி. 'செத்தவர்' என்ற சொல்லை அந்த மேசையருகே உங்கள் ஆட்கள் வாய்தவறியும் சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு டாப்ஸ் (படைவீரர்களின் இறுதி மரியாதைக்கு ஊதும் கொம்பிசை) ஊதுவதென்றால் 24 சுரங்கள்தான், ஒலிப்பதிவாக இருந்தால் ஒலியளவை வெறும் அரங்கில் முன்பே சரிபார்த்துவிடுங்கள். திடீரென்று அலறும் மைக் பொதுவாக எரிச்சல்தான் தரும். சிலருக்கு அது வேறு எதையோ திரும்பக் கொண்டுவந்துவிடும். பலூன் கட்டாதீர்கள், வெடித்தால் அதே கதை. சுவரை முதுகுக்கு வைத்து, கதவைப் பார்த்தபடி உட்கார விரும்புகிறவர்கள் இருப்பார்கள். சுவரோர இருக்கைகளில் சிலவற்றைப் பெயர் ஒட்டாமல் விடுங்கள், அவர்களே தேடி உட்கார்ந்துகொள்வார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

வரவேற்புரையைக் கேட்டிருந்தீர்கள். பத்து நிமிடம் எதற்கு? மூன்று போதும். வந்ததற்கு நன்றி, எந்தெந்தப் படையினர் வந்திருக்கிறார்கள், கழிவறை எந்தப் பக்கம், சாப்பாடு எத்தனை மணிக்கு. இவ்வளவுதான். வீரம், தியாகம் என்ற சொற்களை அவர்கள் முன்னால் அவர்களுக்கே விளக்காதீர்கள். மிச்ச ஏழு நிமிடத்தை அந்த மேசைக்குக் கொடுங்கள்.

விருந்து முடிந்து கூட்டம் கலையும்போது வாடகைக்காரர்கள் மேசைகளை மடக்க ஓடிவருவார்கள். அதை மட்டும் கடைசி விருந்தினரின் கார் கிளம்பும்வரை தொடவேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். பிறகு முதலில் குவளையை எடுங்கள், நிமிர்த்தாமல்.