கேளுங்க மேஸ்திரி: பையன் ஏன் நிற்க மாட்டேன் என்கிறான்?

(வியாசர்பாடியில் பல வருடம் லாரி ஒர்க்‌ஷாப் நடத்தியவர், வாகனத் தொழில் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

கேள்வி: மினி லாரி, வேன் வேலை பார்க்கிற ஷெட் வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். நாலு வருடம் கூடவே வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்த பையன், மாதம் மூவாயிரம் ரூபாய் அதிகம் என்று ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டான். இரண்டு வருடத்தில் இவன் மூன்றாவது ஆள். ஊருக்கெல்லாம் ஆள் தயார் பண்ணி அனுப்பவா நான் கடை வைத்திருக்கிறேன்?
— ஷெட் உரிமையாளர், கொடுங்கையூர்

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் தொழில் கற்றுக்கொடுத்தேன் என்கிறீர்களே, எதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீல் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது, ஆயில் மாற்றுவது, கியர் பாக்ஸ் இறக்கும்போது கீழே படுத்துக்கொண்டு தாங்கிப் பிடிப்பது. சூட்டிகையான பையனுக்கு இதெல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும். மீதி மூன்றரை வருடம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

என் கதையைச் சொல்கிறேன். நான் ராயபுரத்தில் வேலை கற்றபோது, டீசல் வண்டிக்குப் பம்ப் டைமிங் (பம்ப் எந்த நொடியில் டீசல் தள்ள வேண்டும் என்று பொருத்துகிற வேலை) வைக்கிற நேரம் வந்தால் போதும், என் மேஸ்திரி "டேய், நாலு டீ சொல்லிட்டு வா" என்பார். டீ வருவதற்குள் வேலை முடிந்து பானெட் மூடியிருக்கும். இப்படியே இரண்டு வருடம் டீ வாங்கினேன். ஒருநாள் டீக்கடைப் பையனிடமே காசைக் கொடுத்து வாங்கிவரச் சொல்லிவிட்டு, தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் நானே கடை போட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? அதையேதான். என்னிடம் இருந்ததிலேயே கெட்டிக்காரப் பையன் ஒருநாள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாளையிலிருந்து வரல மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனான். சம்பளத்துக்காகப் போய்விட்டான் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெகுநாள் கழித்து மூலக்கடையில் பார்த்தபோது அவன் வாயாலேயே வந்தது: "இன்னும் பத்து வருஷம் இருந்தாலும் நீங்க பம்புல கை வைக்க விட்டிருக்க மாட்டீங்க."

இன்றைக்கு அந்த ரகசியத்துக்கும் மதிப்பு இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்கிற புகை மாசு விதி வந்துவிட்டது. இப்போது வருகிற டீசல் வண்டியில் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக பிரஷரில் டீசல் கொடுக்கிற ஒரே குழாய்), எங்கே பார்த்தாலும் சென்சார், பெரிய வண்டி என்றால் புகையைச் சுத்தம் செய்ய யூரியா டேங்க் வேறு. ஸ்கேனரை மாட்டினால் கோளாறுக்கான கோடு நம்பரைக் (code) காட்டும், சரி, அந்தக் கோடு தெர்மாமீட்டர் மாதிரி, காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லுமே தவிர எதனால் என்று சொல்லாது. பி 0087 என்று வந்தால் ரெயிலில் பிரஷர் போதவில்லை என்று அர்த்தம். உடனே "பம்ப் போச்சு" என்று சொல்லி வாடிக்கையாளர் தலையில் பெரிய பில்லைக் கட்டுகிற ஆட்கள் நிறைய. பம்ப்பைத் தொடும் முன் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டேங்கிலிருந்து வருகிற லைனில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னுக்கும் (மிச்ச டீசல் திரும்புகிற குழாய்) நாலு பாட்டில் கட்டி என்ஜினை ஓடவிட்டு எந்த பாட்டிலில் மட்டும் டீசல் மளமளவென்று ஏறுகிறது என்று பார்க்க வேண்டும், அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரைத் தின்கிறது. இந்த ஒரு வேலையைப் பையன் கையில் விட்டு, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் அரை மணி நேரத்தில் முடிப்பதை அவன் ஒன்றரை மணி நேரம் செய்வான், வண்டிக்காரர் இரண்டு முறை போன் பண்ணுவார். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்துக்குப் பேர்தான் பயிற்சி. ஷெட் கொஞ்சம் காலியாக இருக்கிற ஒரு மத்தியானத்தை வாரா வாரம் இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

சம்பளம் பெரிய விஷயமில்லை என்று சொல்ல வரவில்லை. மூவாயிரம் என்றால் வருடத்துக்கு 36,000. சரியாகாமல் திரும்பி வந்த இரண்டு மூன்று வேலையும் தப்பாக மாற்றிய ஒரு பம்ப்பும் சேர்ந்தால் அதில் பெரும்பங்கு காணாமல் போய்விடும், அந்தக் கணக்கையும் போடுங்கள். அதோடு சர்வீஸ் சென்டர்காரன் பணம் மட்டும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு, யூனிஃபார்ம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை எங்க வேலை?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர். ஈ.எஸ்.ஐ. என்ன பெரிய செலவா? 18,000 சம்பளத்துக்கு அவன் பங்கு 135 ரூபாய், முதலாளி பங்கு 585. பத்துப் பேர் இருந்தால்தான் கட்டாயம் என்பதால் உங்களுக்கு அது வராது. அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தமில்லை: வங்கிக் கணக்கில் குறித்த தேதியில் சம்பளம் போடுங்கள், நாளைக்கு அவன் பைக் லோன் கேட்டுப் போனால் காட்ட ஒரு கணக்காவது இருக்கும். வங்கியிலேயே பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, வருடத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள். லேபரில் (வேலைக் கூலியில்) ஒரு பங்கும் கொடுக்கலாம். ஆனால் வேலை முடிந்த அன்றே கொடுத்தால் அவசரத்தில் அள்ளித் தெளித்துவிடுவார்கள், பதினைந்து நாள் அந்த வண்டி திரும்பி வராவிட்டால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்து அவன் போனால்? சிலர் போகத்தான் செய்வார்கள். சண்டை போடாமல் அனுப்புங்கள். அப்படி அனுப்பிய ஒருவன் மூன்று வருடம் கழித்து என்னிடமே திரும்பி வந்தான், ஸ்கேனரை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

கேள்வி: பையன்களுக்கு 50,000 அட்வான்ஸ் கொடுத்து, மூன்று வருடம் வேலையை விட்டுப் போகக் கூடாது, போனால் வேறு கடையில் சேரக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பத்தாவது சான்றிதழும் என்னிடம்தான். இது பாதுகாப்பு தானே?
— வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: யாருக்குப் பாதுகாப்பு? வேலையை விட்டபின் வேறு கடைக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்கினால் அது செல்லாது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவே அதைச் சொல்கிறது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கடனுக்காக ஆளைப் பிடித்துவைத்து வேலை வாங்கினால் அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். சான்றிதழை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: என் மகன் பத்தாவது பாஸ். வண்டி என்றால் உயிர். என் தம்பி, "ஷெட்டில் விடுக்கா, ரெண்டு வருஷத்துல சம்பாதிப்பான், ஐ.டி.ஐ. எல்லாம் டைம் வேஸ்ட்" என்கிறான். என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: ஐ.டி.ஐ.யில் சேருங்கள் அம்மா. நானே ஷெட்டில் கற்றவன், அதனால்தான் சொல்கிறேன். எனக்குக் கை வந்தது, ஆனால் ஒயரிங் டயகிராமைப் பார்த்தால் ரொம்ப நாளைக்குக் கோலம் மாதிரித்தான் தெரிந்தது. மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். அவன் வண்டி ஆசைக்கு இரண்டு வருடப் படிப்புதான் சரி. அரசு ஐ.டி.ஐ. என்றால் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பையன் என்றால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்குமா என்றும் சேரும்போதே கேளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போய்வருகிற தூரம்தான். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புது மெஷின்களோடு மாற்றியிருக்கிறார்கள், எலக்ட்ரிக் வண்டிப் படிப்பும் அதில் வந்திருக்கிறது.

உங்கள் தம்பி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. வகுப்பறையில் ஸ்டாண்டில் நிற்கிற என்ஜின் லோடு ஏற்றாது, புகை கக்காது. சத்தத்தை வைத்துக் கோளாறு பிடிக்கிற காது அங்கே வராது. அதற்குத்தான் படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ். நாலு பேர் வேலை செய்கிற கடைகூட முறைப்படி பதிவு செய்து அப்ரண்டிஸ் எடுக்கலாம், உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய் மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. (கொடுங்கையூர்காரர் இதைப் படிக்கிறீர்களா?) ஆபத்தானது என்று சட்டம் பட்டியல் போட்ட வேலையில் பதினெட்டு ஆகாத பையனை வைக்கக் கூடாது, அதையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எண்ணூர் ரோட்டில் ஒன்பது வருடமாகக் கன்டெய்னர் லாரி வேலை. எலக்ட்ரிக் வண்டி வந்தால் நம்ம பிழைப்பு போச்சா அண்ணே?
— டெக்னீஷியன், திருவொற்றியூர்

பதில்: வந்தால் என்ன, வந்தே விட்டது தம்பி. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 எலக்ட்ரிக் பஸ்ஸைக் கொடி அசைத்து அனுப்பினார்கள், என் பழைய கடைக்குப் பக்கம்தான். அந்த பஸ்ஸிலும் ஸ்டியரிங் இருக்கிறது, சஸ்பென்ஷன், வீல் பேரிங், பிரேக் எல்லாம் இருக்கிறது (மோட்டாரே வண்டியை நிறுத்த உதவுவதால் பிரேக் மெதுவாகத்தான் தேயும்). ஆரஞ்சு கலர் கேபிளை மட்டும், முறையான பயிற்சியும் அதற்கான ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. அது நம்ம 24 வோல்ட் பேட்டரி இல்லை, நூற்றுக்கணக்கான வோல்ட். தொட்டால் ஆள் காலி.

அதுவரைக்கும் உன் லாரியிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஸ்பானர் பிடிக்கிற உன் கை மல்டிமீட்டரைப் பிடிக்கிறதா, அதை முதலில் சொல். திருவொற்றியூர் கடற்காற்றில் எர்த் பாயின்ட் (பேட்டரி நெகட்டிவ் கேபிள் வண்டியின் இரும்பில் சேருகிற இடம்) எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், அது தெரியாமல் எத்தனை பேட்டரி, எத்தனை செல்ஃப் மோட்டார் வீணாக மாற்றியிருப்போம்! அடுத்த தடவை ஸ்டார்ட்டிங் ட்ரபிள் என்று ஒரு வண்டி வந்தால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வை, இன்னொன்றை என்ஜின் பிளாக்கில் வை, டிரைவரை செல்ஃப் அடிக்கச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றி, எமரி போட்டுத் தேய்த்து, இறுக்கிவிட்டுத் திரும்ப அளந்து பார். இரண்டாவது தடவை அளக்கும்போது மீட்டரை ஹெல்பர் பையன் கையில் கொடு.