தன்னார்வலர் தேவை

ஐயா, வணக்கம்.

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. மனைவி வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொள்கிறாள். செல்போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று என் அம்மா அவளைக் குத்திக்கொண்டே இருக்கிறார். சொந்தபந்தம் ஒதுங்கிவிட்டது. மாலையில் இரண்டு மணி நேரம் அவனோடு இருக்க, சேவை மனப்பான்மை உள்ள தன்னார்வலர்கள் யாராவது உண்டா என்று உங்கள் வாசகர்களிடம் கேட்க முடியுமா? ஸ்டெம் செல் சிகிச்சை பற்றியும் யோசிக்கிறோம்.

ஒரு தகப்பன், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டெம் செல் வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், வேறு வேலை இருக்கிறது. செல்போன் இல்லாத காலத்திலும் தாயைத்தான் குற்றம் சொன்னார்கள். அவளுக்குப் பாசம் போதவில்லையாம். சொன்னது படித்த டாக்டர்கள். அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் ஒரு புத்தகமே எழுதி அதை மறுத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். உங்கள் அம்மாவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது?

சரி, தன்னார்வலர்கள். கேட்டால் வருவார்கள். நம் ஊரில் நல்ல மனசுக்குப் பஞ்சமில்லை. பிறந்தநாள் என்றால் சிறப்புப் பள்ளிக்குப் போய் பிரியாணி போட்டு, கேக் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். அவர்களிடமே செவ்வாய்தோறும் ஐந்து மணிக்கு வரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் பொம்மையோடு நான்கு பேர் வருவார்கள். அப்புறம் பரீட்சை, மழை, மாமா வீட்டுக் கல்யாணம். உங்களுக்கு அது ஏமாற்றம், அவ்வளவுதான். ஐந்து மணிக்கு ஆள் வரும் என்று பழகிவிட்ட பையனுக்கோ அன்றைய நாளே கலைந்துபோகும்.

கோவில்பட்டியில் என் பெரியப்பா மகன் ஒருவன் இருந்தான். அப்போது எங்கள் வீட்டில் ஆட்டிசம் என்ற பேச்சே கிடையாது. 'அவன் ஒரு மாதிரி', அவ்வளவுதான். நாலு மணி ஆனால் தெருமுனை தையல் கடைக்குப் போய்விடுவான். பாய் அவன் முன்னால் பட்டன் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுத் தன் பாட்டுக்கு மிஷினை மிதிப்பார். இவன் நான்கு துளை, இரண்டு துளை என்று பிரித்து, அதற்குள் அளவு பார்த்து வரிசை வைப்பான். இருட்டியதும் பாய் எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் அள்ளிப் போடுவார், நாளைக்கு வேண்டுமே! அவர் அவனைத் திருத்தப் பார்க்கவில்லை, கொஞ்சவுமில்லை. மகள் கல்யாணத்துக்குக் கடையை அடைத்தபோது இவன் ஷட்டரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். பெரியம்மா நெற்றியில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, பாயை ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டினார்.

அன்பு அதிகம் உள்ளவர்களை விடுங்கள். ஒரே ஆள், ஒரே நேரம், அதற்கு ஒத்துக்கொள்பவரைத் தேடுங்கள். வரமுடியாத நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் படம் ஒட்டிய அட்டையைக் காட்டி நீங்கள் பையனுக்குச் சொல்லிவைக்கலாம். சம்பளம் கொடுங்கள். சேவை என்று வந்தவரை ஏன் வரவில்லை என்று கேட்க உங்களுக்கு வாய் வராது, சம்பளக்காரரைக் கேட்கலாம். உளவியலோ சிறப்புக் கல்வியோ படிக்கும் மாணவர்களுக்கு அந்தக் காசு உதவும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் தெரபிச் செலவில் கொஞ்சம் குறையும், இன்னும் சேரவில்லை என்றால் உடனே சேருங்கள். இன்னொன்று, வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பேச்சு வராத பிள்ளையை அவரோடு மூடிய அறையில் விடாதீர்கள். வீட்டில் நீங்கள் ஒருவர் இருங்கள்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லையே! வருகிறவர் அதை வைத்துத்தானே தொடங்க வேண்டும்? அதை எழுதி அனுப்புங்கள், அதோடு சேர்த்து வாசகர்களிடம் கேட்கிறேன். மனைவியிடம் கேட்டு எழுத வேண்டாம்.